வெள்ளைக் குதிரைக்காரரின் பாண்ட்

“நீ புரட்டஸ்தாந்துதானே?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒக்லாந்துக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதுவரை என்னைக் கேட்டவர்கள் எல்லாம் நீ இந்தியாவா, ஃபிஜியா, உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். முதல் தரமாக ஒரு வெள்ளைக்காரி, நாங்கள் தலைமுறை தலைமுறையாக என்னவாக இருக்கிறோமோ அதைச் சரியாகக் கேட்கிறார். “யெஸ், யெஸ்” என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் எங்களை நொன்-ஆர்சி என்று பதிவார்கள். கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவ வேதக்காரர் என்று அர்த்தம். கலியாணம் பேசும்போது பெரியவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள் என்பதைத் தவிர, அந்த வித்தியாசம் எங்களை ஒன்றும் செய்ததில்லை.

அது ஹென்டர்சனில், டயர்க் கடைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பழைய பலகை மண்டபம். அதற்குக் கொஞ்சம் தள்ளியிருந்த தொழிற்சாலையில் நான் பிளாஸ்ரிக் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்த ரீச்சர். இங்கே என் பட்டத்தைப் பார்த்தவர்கள் “வெரி நைஸ்” என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை. முடித்து ரயிலுக்கு நடக்கும்போது ஒருநாள் மண்டபத்துக்குள்ளிருந்து புல்லாங்குழல்களும் ஒரு சைட் டிரம்மும் கேட்டன. டிரம் அடிப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தாளத்தைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்ன, நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பாண்ட் வாத்தியக் குழுவில் நான் வருடக்கணக்காக சைட் டிரம் அடித்தவள். விளையாட்டுப் போட்டிக்கும் நாங்கள்தான், பெரிய ஆட்களை வரவேற்கவும் நாங்கள்தான், ஊரில் பெரிய செத்தவீடு என்றாலும் நாங்கள்தான். காது பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர்களுடைய நல்ல டிரம்காரர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். இந்த ஊரில் எது நல்லதோ அது அவுஸ்திரேலியாவுக்குத்தான் போகும். குழல்களுக்கு நடுவே நின்ற நரைத்த தலைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு குச்சிகளைத் தந்தார். நான் அடித்துக் காட்டினேன். முடித்தபோது ஒருவர் கை தட்டினார், இன்னொருவர் தேநீர் போட எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு வா என்றார்கள்.

அந்த “வா” எனக்கு எவ்வளவு பெரிய சொல் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் கிளென் ஈடனில், ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த தனியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். வாடகை நாளில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா கனடாவில் அண்ணாவோடு இருந்தார். போன் கார்ட் முடியும்வரைக்கும் அண்ணியின் குறைதான் சொல்லுவார். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, கடையில் பால் கேட்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். பாண்டில் சேர்ந்த பிறகு, நான் பிந்தினால் அங்கே யாராவது வாசலைப் பார்ப்பார்கள். “ஆ, வந்துவிட்டாள்” என்பார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதுக்காகவே கிழமை முழுக்க மூடி போட்டேன்.

நரைத்த தலை அம்மாவை நான் மனதுக்குள் மாஸ்ரரம்மா என்று கூப்பிடுவேன். அந்தப் பாண்டைத் தொடங்கியது அவருடைய அப்பா. வட அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தபோது புல்லாங்குழலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாராம். மற்றவர்களும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எல்லோருக்கும் வயது போய்விட்டது. தங்கள் பிள்ளைகள் வருவதில்லை, ரக்பிதான் அவர்களுக்கு எல்லாம் என்று குறைப்படுவார்கள். யார் தலைவர், யார் செயலாளர் என்பதில் இரண்டு பேர் வருடக்கணக்காக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அட, இதுவும் எங்கள் தமிழ்ச் சங்கம்தான், நிறம்தான் வேறு என்று நினைத்துக்கொள்வேன். அதனால் எனக்கு அங்கே கூச்சமே இருக்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஊர்வலம் போவார்கள். நல்ல குளிர்காலம், சனியன் பிடித்த மழை. நீலக் கோட்டு, அதற்கு மேல் குறுக்காக ஒரு செம்மஞ்சள் பட்டி. முன்னால் இரண்டு பேர் ஒரு பெரிய பட்டுப் பதாகையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மண்டபத்திலிருந்து போர் நினைவுத்தூண் வரைக்கும் நடந்துபோய்த் திரும்புவோம். பார்க்க யார் வருவார்கள்? மீன்பொரியல் கடை வாசலில் இரண்டு மாவோரிப் பெண்கள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டே ஒரு நிமிடம் பார்த்தார்கள். ஒரு கார்க்காரர் வழி விடச் சொல்லி ஹோர்ன் அடித்தார். ஆனால் அந்தக் கிழவர்களின் முதுகைப் பார்க்க வேண்டும்! நிமிர்ந்து, ஏதோ ஒக்லாந்து முழுக்க திரண்டு நிற்கிறது என்பதுபோல நடந்தார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

அந்தப் பதாகையில் ஒருவர் வெள்ளைக் குதிரையில் வாளை உயர்த்திக்கொண்டு இருந்தார். தலையில் தொப்பி. யாரென்று நான் கேட்கவே இல்லை. வேதக்காரர்கள் இருக்கிற எந்த ஊரில் கேட்டாலும், வெள்ளைக் குதிரையும் வாளும் என்றால் ஒரே ஆள்தான், சந்தியாகுமையோர். யாக்கோபு அப்போஸ்தலரை எங்கள் கத்தோலிக்கர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சுரூபம் குதிரையில் ஏறி வாள் பிடித்துத் தேரில் வருவதை நொன்-ஆர்சிக்காரரான நாங்களும் போய் நின்று பார்ப்போம், கடலை வாங்குவோம். பதாகையின் கீழே ஒரு வருடமும் எழுதியிருந்தது. கோயில் கட்டின வருடமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஈழத்து வேதக்காரர் எல்லோரும் இரவல் மண்டபம் ஒன்றில் கூடித் தமிழில் செபம் சொல்லுவோம். இருக்கிறதே கொஞ்சப் பேர். இதில் ஆர்சி என்ன, நொன்-ஆர்சி என்ன? அங்கேதான் மன்னார் அக்காவைப் பழக்கம். ஞாயிறுகளில் ரயில் ஓடாது. அக்காவின் புருஷன் என்னைத் தங்கள் வானில் ஏற்றி, மனுரேவாவில் இருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மத்தியானம் மீன்குழம்பும் சோறும் போட்டு, பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நான் தமிழில் வாய்விட்டுச் சண்டை பிடிப்பேன்.

அந்த வீட்டில் அக்காவின் அப்பா இருந்தார். மகளின் தயவில் விசா கிடைத்து வந்த மனிதர். ஜன்னலோரம் இருந்து கார்களைப் பார்ப்பார், செபமாலை உருட்டுவார், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதைத்தால் “இதுகள் என்னவாம்?” என்று கேட்பார். ஒரு ஞாயிறு, ஊர்வலத்தில் பதாகைக்கு முன்னால் நான் நின்று எடுத்த படத்தைக் காட்டினேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. குதிரையைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

“சந்தியாகுமையோர்! பிள்ளை, அவர் இஞ்சையும் வந்திட்டாரே!”

“ஓம் ஐயா, எங்கட பாண்டுக்கு முன்னுக்கு அவர்தான் போறவர்.”

“அப்ப நான் செத்தா உந்த பாண்டைக் கூட்டிக்கொண்டு வா. பாண்ட் இல்லாமல், செத்த நாய் மாதிரிக் காரில ஏத்திக்கொண்டு போகாதேயுங்கோ.”

“சும்மா விசர்க்கதை கதையாதேயுங்கோ அப்பா” என்றார் அக்கா.

“அதுக்கென்ன ஐயா,” என்றேன் நான். “எங்கட பாண்டெல்லே. நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

என் வாய் சும்மா கிடக்காது. ஆனால் அதில் பிழை இருப்பதாக எனக்கு அப்போது படவே இல்லை. பாண்ட் என்றால் செத்தவீட்டுக்கு வரும். வேதக்காரரின் பாண்ட் என்றால் வேதக்காரரின் செத்தவீட்டுக்கு வரும். எங்கள் ஊரில் கோயில் பாண்ட் சைவக்காரரின் செத்தவீட்டுக்கே போயிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐயா அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை. கட்டில் தலைமாட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்து, காலையும் மாலையும் கும்பிட்டார் என்று அக்கா சொன்னார்.

அடுத்த வருடம் கோடை முடியும்போது ஐயா நித்திரையிலேயே போய்விட்டார். அக்கா போனில் அழுதுகொண்டே சொன்ன இரண்டாவது வசனம், “பாண்ட்காரருக்குச் சொல்லிப்போடு” என்பதுதான்.

வேலை முடிந்த கையோடு மாஸ்ரரம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, யாரென்று கேட்டு, எவ்வளவு வயது என்று கேட்டு, ஐயோ பாவம் என்றார். எந்தத் தேவாலயம் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

“அது கத்தோலிக்கக் கோயில், பிள்ளை. நாங்கள் அங்கே வாசிக்க மாட்டோம்.”

எனக்கு விளங்கவில்லை. இலவசமாக வேண்டாம், வான் பிடித்துத் தருகிறோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். குதிரையில் இருப்பவர் சந்தியாகுமையோர் இல்லையாம். ஒரு புரட்டஸ்தாந்து ராசாவாம். முன்னூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆற்றங்கரையில் கத்தோலிக்க ராசாவை அடித்துக் கலைத்தவராம். அந்த வெற்றிக்குத்தான் ஜூலையில் ஊர்வலம். பதாகையில் இருந்தது கோயில் கட்டின வருடமில்லை, சண்டை நடந்த வருடம்.

“என் அப்பா செத்த அன்றுவரைக்கும் அந்தக் கோயில்கள் ஒன்றினுள்ளும் கால் வைக்கவில்லை,” என்றார். “இந்தப் பாண்டை நான் எப்படி அங்கே கொண்டுபோவேன்?”

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. “உங்கள் அப்பா செத்துவிட்டார். அக்காவின் அப்பாவும் செத்துவிட்டார். செத்தவர்களுக்கு என்ன சண்டை?” என்று என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் அழுதார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வந்தது. மனம் இரங்காத ஆளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். கடைசியில் பாண்ட் சாமான்கள் வைத்திருந்த அறைக்குள் போய் என்னுடைய டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் முன்பக்கத்திலும் அந்த ராசா குதிரையில் இருந்தார். ஒரு கறுப்புத் துணியை அவரே மடித்துச் சுற்றி, ஊசி குத்தி, ராசாவை மூடினார். “நீ மட்டும் போ. பட்டி போடாதே,” என்றார்.

அடுத்தநாள் அக்காவுக்குப் போனில் உண்மையைச் சொன்னேன். ஒளித்து என்ன பிரயோசனம்?

“அவை வரமாட்டினம் அக்கா. நீங்கள் ஆர்சி எண்டபடியால்.”

“என்ன கண்டறியாத கதை? அப்ப சந்தியாகுமையோர்?”

“அவர் சந்தியாகுமையோர் இல்லை. ஆரோ ஒரு ராசா. உங்கட ஆக்களை அடிச்சுக் கலைச்சவராம்.”

போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். “ஐயோ, அப்பா அவரைக் கும்பிட்டெல்லோ செத்தவர்! நான் அந்தப் படத்தை அப்பாவின்ர சட்டைப் பொக்கற்றில வைச்சுப் பெட்டியையும் மூடியாச்சு!” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, பிறகு அழுதோம்.

செத்தவீட்டன்று பூசை முடிந்ததும் பெட்டி வெளியே வருவதற்காகக் கோயில் வாசலில் டிரம்மோடு நின்றேன். சாதாரணக் கறுப்புச் சேலை. ஊரில் என்றால் வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து அடக்கம் செய்கிற சேமக்காலைக்கும் தெருவெல்லாம் பாண்ட் முன்னால் போகும். இங்கே கோயில் படியிலிருந்து கறுப்புக் கார் நிற்கிற இடம் வரைக்கும்தான். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு நான் ஒருத்தி பாண்ட். டிரம்மைக் கழுத்தில் மாட்டும்போது காற்று அடித்து, துணியின் ஊசி கழன்று, ராசாவும் குதிரையும் பளிச்சென்று வெளியே வந்துவிட்டார்கள். நேரே எதிரில், பூசை வைத்த பாதிரியார், எங்கள் பேச்சில் சுவாமி, நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சுவாமியார் ஐரிஷ்காரர் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவர் டிரம்மைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இது உனக்கு எங்கே கிடைத்தது, மகளே?” என்று கேட்டார்.

அவசர அவசரமாகச் சொன்னேன். ஐயாவின் ஆசை, படம், என் பிழை, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது,” என்றார், “இந்தப் பாண்டுகள் எங்கள் தெருவால் வரும். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் வேண்டுமென்று இன்னும் பலமாக அடிப்பார்கள். அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்துக் காதைப் பொத்துவார். இப்போதும் டிரம் கேட்டால் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன்.”

கட்டிலுக்குக் கீழே படுப்பது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆமியின் ஹெலிகொப்டர் வரும் சத்தத்துக்கு நானும் அம்மாவும் அப்படிப் படுத்திருக்கிறோம். இன்றைக்கும் கிளென் ஈடனில் பொலிஸ் ஹெலி தாழப் பறந்தால் என் கால் தானாக மடங்கும். நான் இவ்வளவு நாளும் சந்தோசமாக அடித்தது இவருக்கு ஹெலிச் சத்தம்.

“நான் அடிக்கேல்லை சுவாமி,” என்று தமிழிலேயே சொல்லி வாரைக் கழற்றப் போனேன். அவருக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துத் தடுத்தார். துணியை இழுத்து மூடி, ஊசியைத் தானே குத்தினார். “அந்த மனிதர் பாண்ட் கேட்டிருக்கிறார்,” என்றார். “அடி.”

அடித்தேன். மெல்ல நடக்கும் தாளம், ஊரில் செத்தவீட்டுக்கு அடிப்பது. சுவாமி பெட்டிக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய தோள் கொஞ்சம் சுருங்கியதை நான் பின்னால் நடந்து பார்த்துக்கொண்டே அடித்தேன். அக்கா “என்ர அப்பா, உங்கட பாண்ட் வந்திட்டுது, பாருங்கோ” என்று குழறி அழுதார். கார்க் கதவைச் சாத்தும்வரை கையை நிறுத்தவில்லை.

பிறகு மனுரேவா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொன்னேன், டிரம்மைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடப்போகிறேன், இனி அந்த வாசலுக்குப் போகமாட்டேன் என்று.

“அவ்வளவு கூடாத ஆக்களோ?”

“இல்லை அக்கா. அதுதான் கரைச்சல். நல்ல ஆக்கள்.”

அக்கா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். “அப்ப சனிக்கிழமையில எங்க போவாய்?” என்றார். பிறகு தானே சொன்னார், “இஞ்ச வா எண்டு சொல்லுவன். சனிக்கிழமை எனக்கு வேலை.”

தேத்தண்ணியைக் குடித்தேன்.

சனிக்கிழமை டிரம்மோடு மண்டபத்துக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். செத்தவீடு எப்படி நடந்தது என்று அக்கறையாகக் கேட்டார்கள். ஒரு கிழவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மாஸ்ரரம்மா கேக் செய்து கொண்டுவந்திருந்தார், எனக்கென்று. சுவாமி சொன்னதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க வசனம் வசனமாகக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அதில் பாதிதான் வெளியே வந்தது. “அந்தப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே படுத்தார்களாம்,” என்றேன். நாற்காலி போட்டவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, “எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அப்படிப் படுத்தார்கள், அம்மா,” என்றார். அதுவும் உண்மையாக இருக்கும். குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தேன். மாஸ்ரரம்மா கேக்கைப் பேப்பரில் சுற்றி என் பையினுள் வைத்தார். “அடுத்த கிழமை மனம் மாறினால்,” என்று தொடங்கி முடிக்கவில்லை.

அடுத்த கிழமை வேலை முடிந்ததும் மண்டபத்துப் பக்கம் போகாமல் மற்றத் தெருவால் சுற்றி ரயிலுக்குப் போனேன். இரண்டு மணிக்கு அறையில் இருந்து உடுப்புத் தோய்த்தேன். சரியானதைச் செய்தால் மனம் நிறையும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ஒரு மண்ணும் நிறையவில்லை. அறைக்குள் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். வானொலியைப் போட்டேன், நிறுத்தினேன். அக்காவுக்குப் போன் எடுத்தேன், வேலைக்குப் போயிருந்தார். ஈரக் கையோடு கட்டிலில் இருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். நான் வரவில்லை என்று அங்கே யாராவது ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்று அன்று பின்னேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.